பாக்கியத்துக்குப் போட்ட மாலை

இதுவரை நான் இரண்டு பெண்களைச் சாகடித்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி இந்த நிமிஷம் என் வீட்டு அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி, நான் கை வைப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே இறந்துபோனவள். இரண்டுக்கும் ஆயுதம் ஒன்றுதான்: ஒரு தகரப் பெட்டி, அதற்குள் பன்னிரண்டு வர்ணக் கட்டிகள், நுனி தேய்ந்த ஒரு தூரிகை. (போலீஸில் பிடிபடாத குற்றங்களை, தலை நரைத்த பிறகு பத்திரிகைக்கு எழுதி அனுப்புவது நம்மவர்களிடம் இப்போது பெருகிவருகிறது. நானும் வரிசையில் நின்றுகொள்கிறேன்.)

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். பத்து வயசில் எனக்கு அந்த வட்டாரத்தில் சித்திரக்காரன் என்று பேர். நான் எழுதிய லட்சுமி மூன்று வீடுகளிலும், முருகன் ஒரு கோப்பிக்கடையிலும் தொங்கினார்கள். அந்தக் கலையின் ரகசியத்தை இப்போது சொல்லிவிடலாம். காலண்டர் சாமி மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போடுவேன். வெள்ளைக் காகிதத்திலும் அதே மாதிரி கட்டம். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை அப்படியே இங்கே போடவேண்டியது. எண்பதாவது கட்டம் முடியும்போது லட்சுமி தானாகத் தாமரையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பார்த்தவர்கள் "கைராசி" என்றார்கள். நானும் நம்பினேன். என் வாழ்வில் நான் செய்த முதல் பெரிய தவறு, ஊரார் என்னைப்பற்றிச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையை மறக்காமல் வைத்துக்கொண்டதுதான்.

என் தகப்பனார் சடக்குப் போடும் இலாகாவில், அதாவது ரோட்டு இலாகாவில், வேலை பார்த்தவர். ஒருநாள் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த புதுச் சடக்கின் வரைபடத்துக்குப் பின்புறம் நான் ஒரு மயிலை எழுதிவிட்டேன். தோகை முன்பக்கம்வரை ஊறி, பக்கத்து ஊரான மேருவுக்குப் போகவேண்டிய சடக்கு நீல நிறத்தில் ஒரு சதுப்புக்குள் இறங்கிவிட்டது. அன்றோடு என் கலைவாழ்க்கையின் முதல் பாகம், என் முதுகில், முடிந்தது. வர்ணப்பெட்டியை அப்பா எங்கேயோ ஒளித்துவிட்டார்.

இருபத்துநான்கு வருஷம் கழித்து அவர் வேலை ஓய்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய டிரங்குப் பெட்டி பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போது ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. துரையிடம் திட்டு வாங்குவதும், வாங்கிய திட்டைத் தமிழில் பெயர்த்துக் கீழே இருப்பவர்களுக்கு வழங்குவதுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. டிரங்கின் அடியில், பழைய கோட்டுகளுக்குக் கீழே, அந்தத் தகரப் பெட்டி கிடந்தது. வர்ணக் கட்டிகள் காய்ந்து விரிசல் விட்டிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சிவப்பு உயிர்த்தது. கூடவே நானும் உயிர்த்துத் தொலைத்தேன்.

"என்னங்க இது, பிள்ளைங்க சாமானை எடுத்து வச்சிக்கிட்டு?" என்றாள் என் மனைவி பாக்கியம்.

"நான் சின்ன வயசுல பெரிய சித்திரக்காரன், தெரியுமா?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லும்."

"எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

முதலில் கிள்ளான் ஆற்றுப் பாலத்தை எழுதினேன். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, முதலை நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். அடுத்து ஒரு மாட்டுவண்டி. அதை அலமாரி என்று நினைத்து, கதவு ஏன் திறந்திருக்கிறது என்று என் மூத்த மகன் கேட்டான். புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் என்ன நினைத்தேன் என்றால், இந்த ஜனங்களுக்கு ரசனை போதாது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கதிர்வேலு வந்தான்.

கதிர்வேலு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தான். என்னைவிட நாலைந்து வயசு சின்னவன். என்னை அண்ணே என்பான். அவன் மனைவி செல்லம்மா முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வயசு மகள் வள்ளி. செல்லம்மாவுக்குப் போட்டோ கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். கல்யாணமான புதிதில் ஜப்பான்காரரின் போட்டோக் கடை வாசல்வரை கதிர்வேலு கூட்டிக்கொண்டு போயும், அவள் மூன்று காலில் நின்ற காமிராப் பெட்டியைப் பார்த்ததும் திரும்பி ஓடிவந்துவிட்டாளாம். அப்படிப் பத்திரமாகக் காப்பாற்றிய ஆயுசு இருபத்தாறு வருஷம்.

"அண்ணே, வர்ற மாசம் அதுக்கு வருஷ திதி," என்றான் கதிர்வேலு, வாசல்படியில் நின்றுகொண்டே. "வள்ளி அம்மா எப்படி இருப்பாங்கன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்றது? நீங்க படம் எழுதுறீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா, சுவத்துல மாட்டிடுவேன். பிள்ளைக்கு ஒரு மொகம் வேணும்லா."

பிள்ளைக்கு ஒரு முகம் வேண்டும். இதைக் கேட்டு எந்த மனுஷனும் ஒரு நிமிஷம் பயந்திருப்பான். எனக்கோ, கடைசியில் ஒரு ரசிகன் கிடைத்தான் என்று சந்தோஷம். பென்சிலை எடுத்துக்கொண்டு அவனை உட்காரவைத்தேன்.

"மூக்கு எப்படிப்பா இருக்கும்? எடுப்பா, சப்பையா?"

"மூக்கு… மூக்காத்தான்லா இருந்துச்சு."

"கண்ணு?"

"ரெண்டும் நல்லா இருக்கும் அண்ணே."

"சரி, முகம் வட்டமா, நீட்டமா?"

கதிர்வேலு நெடுநேரம் யோசித்தான். "கோவிச்சா நீட்டமா இருக்கும். சிரிச்சா வட்டமாயிடும்," என்றான்.

அதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். (‘முகம்: கோபத்தைப் பொறுத்தது.’ அந்தத் தாள் வெகுநாள் என்னிடம் இருந்தது.) மற்றதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. குழம்பு கொதித்ததும் அகப்பையைச் சட்டி விளிம்பில் இரண்டு தரம் தட்டுவாளாம். வேலை முடிந்து அவன் வருவது தெரிந்தால், கதவைத் திறக்குமுன் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொள்வாளாம். சிரிப்பை அடக்கும்போது உதடு இடது பக்கமாக ஒதுங்குமாம். இதையெல்லாம் அவன் சொல்லிக்கொண்டே போனான். நானோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அதெல்லாம் படத்துக்கு உதவாதுப்பா, மூக்கைச் சொல்லு," என்றேன்.

நீங்கள் கேட்கலாம்: மூன்று வீடு தள்ளி ஐந்து வருஷம் இருந்த பெண்ணை நீ பார்த்ததே இல்லையா? நல்ல கேள்வி. அடுத்தவன் வீட்டுப் பெண்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவன்தான் யோக்கியன் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். நான் மகா யோக்கியன். அவர்கள் வீட்டுக்குப் போனால் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை கோப்பிக் கிளாஸை நீட்டும். மணிக்கட்டில் தேள் ஒன்று பச்சை குத்தியிருக்கும். அதற்கு மேலே இரண்டு சிவப்புக் கண்ணாடி வளையல். கிளாஸை நான் வாங்கியதும் விரல்கள் சூடு தாளாமல் ஒரு தரம் உதறிக்கொண்டு உள்ளே போகும். ஐந்து வருஷத்தில் அந்தக் கையை நூறு தரம் பார்த்திருப்பேன். சந்தைக் கூட்டத்தில் காட்டினாலும் அடையாளம் சொல்லியிருப்பேன். முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கதிர்வேலு நல்ல யோசனை ஒன்று சொன்னான். "கிள்ளான்ல என் மதினி இருக்குண்ணே, செல்லம்மாவுக்கு அக்கா. அதுதான் இதைத் தூக்கி வளத்துச்சு. ஒரு எட்டுப் போய்க் கேட்டீங்கன்னா, மொகத்தப் புட்டுப் புட்டு வச்சிரும்."

கிள்ளானுக்கு ரயிலில் போனால் காலையில் கிளம்பிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எனக்கு ரயில்வே பாஸ் உண்டு. அது நான் பிறந்த ஊர். நான் போகவில்லை. "மனசுல வாங்கிட்டேன் கதிர்வேலு. இனி கை பாத்துக்கும்," என்றேன். முப்பத்துநாலு வயசு ஆணின் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையா அது?

நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. சேலை மடிப்பு வரவில்லை. ஆகவே பாக்கியத்தை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். "முகம் வேண்டாம், மடிப்பு மட்டும்தான் பார்ப்பேன்," என்று உறுதியும் சொன்னேன். அவள் முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே உட்கார்ந்தாள். சேலையின் நிறத்துக்கு மட்டும் கதிர்வேலு, செல்லம்மாவின் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து காட்டினான். அரக்குச் சிவப்பு, மாங்காய்க் கரை. அதை மட்டும், பழைய பழக்கப்படி, கரையில் எத்தனை மாங்காய் என்று எண்ணி, அப்படியே இறக்கினேன். விரல்கள் எனக்கு எப்போதும் வாழைச் சீப்பு மாதிரிதான் வரும். ஆகவே இரண்டு கைகளையும் முந்தானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

எனக்குத் தெரிந்திருந்த ஒரே பாகத்தை மூடிவிட்டு, தெரியாத பாகத்தை எழுத உட்கார்ந்தேன். அதிசயம், முகம் தயங்காமல் வந்தது. கட்டம் இல்லை, காலண்டர் இல்லை. புருவம் போட்டால் கண் வந்தது, கண் போட்டால் மூக்கு வந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. செல்லம்மாவின் ஆத்மாவே வந்து என் கையைப் பிடித்து எழுதுகிறது என்று நினைத்தேன். (ஆத்மாவுக்குத் தன் முகமே மறந்துபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது.)

திதிக்கு இரண்டு நாள் முன்பு கதிர்வேலு வந்தான். படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"ஒருதரம் பாத்துக்கட்டா அண்ணே?"

"எழுதுறவன் முடியுமுன்னே யாருக்கும் காட்டமாட்டான்பா."

"இல்ல… நான் மட்டும். ஒரு நிமிஷம்."

"சபையில திறந்து பாக்கணும். அப்பத்தான் அதுக்கு மரியாதை."

அவன் கொஞ்ச நேரம் படத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரிண்ணே," என்று போய்விட்டான். பதினைந்து வருஷமாகிறது. இன்றும் எங்காவது சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த படச் சட்டத்தைக் கண்டால், அதைத் திருப்பி நேராக வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

திதியன்று கதிர்வேலு வீடு நிறைந்திருந்தது. ரயில்வேக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து அவன் மதினி முத்தாயி வந்து, செல்லம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் தன் கையால் சமைத்து இலையில் வைத்திருந்தாள். என் படம் நடுவில், ஒரு வெள்ளை வேட்டியால் மூடியபடி, நாற்காலியில் இருந்தது. நான் சரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். (திதி வீட்டுக்குச் சரிகை. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

பண்டாரம் வயசானவர், பார்வை மங்கல். வேட்டியை விலக்கியதும் மல்லிகை மாலையைப் படத்துக்குப் போட்டு, நெற்றி இருக்கும் இடம் தடவிப் பார்த்துக் குங்குமம் வைத்து, கற்பூரத்தையும் ஏற்றிவிட்டார். கூட்டம் கை கூப்பியது. நான் புகழ்ச்சிக்காகத் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டேன்.

புகழ்ச்சி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரே ஆளைப்போல் அடுக்களைக் கதவைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அடுக்களைக் கதவில், கையில் வடைத் தட்டோடு, பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள்.

"பெரியம்மா!" என்றது குழந்தை வள்ளி, படத்தைக் காட்டி. பாக்கியத்தை அது அப்படித்தான் கூப்பிடும். பிறகு திரும்பிப் பாக்கியத்தைப் பார்த்து, "பெரியம்மா!" என்றது. அதற்கு இரண்டு பெரியம்மா கிடைத்ததில் ஒரே சந்தோஷம்.

முத்தாயி எழுந்து கிட்டத்தில் வந்து பார்த்தாள். "ஏன் கதிரு, இது இந்தம்மா இல்லே? எங்கே எந் தங்கச்சி?" என்றாள். அதற்குள் கூட்டத்தில் யாரோ, "அய்யய்யோ, உசிரோட இருக்கிற சுமங்கலிக்கு மாலையா! கற்பூரத்தை அணைங்கய்யா!" என்று கத்த, பண்டாரம் பதறிப்போய்க் கையிலிருந்த சொம்புத் தண்ணீரை, இலையைக் கற்பூரம் என்று நினைத்து, அதில் ஊற்றிவிட்டார். சாம்பார் சாதம் மிதந்தது.

பாக்கியம் வடைத் தட்டைக் கீழே வைத்தாள். மெள்ள நடந்து வந்து, மாலை போட்ட தன்னைத் தானே உற்றுப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"எம் மூக்கு இவ்வளவு பெரிசாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

கூட்டம் குபீரென்று சிரித்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்த வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தது. "ஆயுசு கெட்டிம்மா உனக்கு," என்று பெண்கள் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். முத்தாயிகூட, கண்ணைத் துடைத்துக்கொண்டே, முந்தானைக்குள் சிரித்தாள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் நாற்காலிக்கு எதிரே நின்ற கதிர்வேலு. அவன் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன. தேடிக்கொண்டிருந்தான், அந்தப் படத்தின் மூலைமுடுக்கெல்லாம் தேடினான்.

மாலையைக் கழற்றினார்கள். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, மஞ்சள் தடவி, அதையே செல்லம்மாவாக நினைத்துக் கும்பிட்டார்கள். நான் படத்தை இடுக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். கதிர்வேலு கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்ணே. சேலை அதுதான். மாங்காயெல்லாம் சரியா இருக்கு."

"கதிர்வேலு, வேற எழுதித் தர்றேன். கிள்ளான் அக்காவைக் கேட்டு…"

"சேலை போதும்ணே," என்றான்.

படத்தை மாட்டியும் விட்டான். பாக்கியம் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பதினோரு வருஷமா எம் மொகத்த நீங்க இவ்வளவு பாத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள். எனக்கும் தெரிந்திருக்கவில்லை. வேறு எந்தச் சந்தர்ப்பமாக இருந்தாலும் அதற்காக நான் பெருமைப்பட்டிருப்பேன்.

இதை இத்தோடு முடித்தால் இது வேடிக்கைக் கதை. பல வருஷம் அப்படித்தான் முடித்துச் சொல்லிவந்தேன்.

திதி முடிந்து ஐந்தாறு மாதம் இருக்கும். ஆபீசுக்கு எதிரே இருந்த கடையில் கதிர்வேலுவும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன், தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"முன்னேல்லாம் கண்ண மூடினா அது வரும். மங்கலாத்தான் வரும். அந்த ஒதடு ஒதுங்குறது, அப்படி ஏதாச்சும். இப்ப மூடினா அந்தப் படந்தான் வருது. தினம் பாத்துப் பாத்து…" அவன் காது சிவந்திருந்தது. "அண்ணி மொகம் அண்ணே. எனக்கு வெக்கமா இருக்கு."

"கழட்டிப் போட்டிரேன்பா அந்தச் சனியனை!"

"வள்ளி விடமாட்டேங்குது. தெனம் அதுகிட்ட சொல்லிட்டுத்தான் தூங்குது." கொஞ்சம் கோப்பி குடித்தான். "கையாச்சும் தெரியற மாதிரி போட்டிருக்கலாம்ணே. தேள் குத்தியிருக்கும்லா, அதுக்கு."

அந்தத் தேளை எனக்குத் தெரியும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வர்ணப் பெட்டியை அன்று மாலையே குப்பையில் போட்டேன். பாக்கியம் அதைப் பொறுக்கிக் கழுவி எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு அறைகள் உள்ள தகரப் பெட்டி சமையலுக்கு எவ்வளவு வசதி! சிவப்பு இருந்த இடத்தில் மிளகாய்த்தூள், மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள். அதில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் மட்டும் கதை ஓயவில்லை. செல்லம்மாவின் திதி நாளில் பாக்கியம் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டாள். "செத்தவ எந்த ஊர்ல சமைப்பா?" என்பாள். அன்று எங்களுக்குக் கதிர்வேலு வீட்டில்தான் சாப்பாடு. அவனும் அதைக் கேட்டுச் சிரிப்பான். நான் சலவைக்கணக்கு எழுதப் பென்சிலை எடுத்தால்கூட, என் மகன்கள், "அப்பா, யாரைச் சாகடிக்கப் போறீங்க?" என்பார்கள். மருமகள் வந்த மூன்றாம் நாளே அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன தை மாதம் வள்ளிக்குக் கல்யாணம். தாயில்லாத பெண்ணுக்குத் தாயின் படத்தை முன்னால் வைத்துக் கும்பிட்டுத்தான் மணவறைக்கு அனுப்பவேண்டும். வைத்தார்கள். நிறம் வெளுத்து, ஓரம் பூச்சி அரித்து, முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். நிஜப் பாக்கியம் அதற்குத் தன் கையாலேயே மாலை போட்டுவிட்டு, "எம் படத்துக்கு நானே பூப்போட்டாச்சு. இந்தப் பாக்கியம் எவளுக்குக் கிடைக்கும்?" என்றாள். மண்டபமே சிரித்தது.

வள்ளி குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தாள். கிள்ளான் முத்தாயி, இப்போது தலை முழுக்க வெளுத்தவள், அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "அடியாத்தே, கதிரு! இங்க பாரு. அப்படியே செல்லம்மா. அந்த ஒதடு ஒதுங்குறதுகூட அப்படியே எந் தங்கச்சி!"

கதிர்வேலு மகளைப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். மறுபடி மகளைப் பார்த்தான்.

"அப்படியா மதினி?" என்றான்.

சந்தோஷத்தில் கேட்கவில்லை. தெரியாத ஊரில் இறங்கியவன் வழி கேட்பதுபோல் கேட்டான்.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய், பந்தி இலைகள் சரியாகக் கழுவப்படுகின்றனவா என்று வெகுநேரம் மேற்பார்வை பார்த்தேன்.

இன்று காலை இதை எழுதலாம் என்று மேஜையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். அடுக்களையிலிருந்து பாக்கியம் எட்டிப் பார்த்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர்.

"இன்னைக்கு யாருங்க?" என்றாள், வழக்கம்போல.

"செல்லம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"மறுபடியுமா?" என்றாள்.